பத்து ரூபாய்ப் பெட்டியைக் கிளறுவோருக்கு: பழைய கார்டு வாங்கவும் வைத்துக் காக்கவும் சில குறிப்புகள்

எங்கள் ஊர் திருவெள்ளறை. சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினால் நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் தாண்டி, இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் வந்துவிடும். திருச்சியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ‘நாணயம், அஞ்சல்தலை, பழைய ரூபாய் நோட்டுக் கண்காட்சி’ என்று பேனர் கட்டிவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையல் எலுமிச்சை சாதத்தோடு சரி. கூட்டமெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காசுக்கும் நோட்டுக்கும் முண்டியடிக்கும். நான் தேடிப் போவது மேஜைக்கு அடியில் கிடக்கிற அட்டைப்பெட்டியை. எழுதிப் போட்ட தபால் கார்டு, ஊர்ப்படம் போட்ட கார்டு, பிள்ளைகள் சேர்த்த விளையாட்டுக் கார்டு எல்லாம் கலந்து ‘எது எடுத்தாலும் பத்து ரூபாய்’ என்று அதில்தான் கிடக்கும். பத்து வருஷத்துக்கு மேல் இப்படிக் கிளறியதில் தெரிந்துகொண்டதும், காசு விட்டுத் தெரிந்துகொண்டதும் இங்கே.

1. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எதைத் தேடப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ‘பழசு எதுவானாலும் சரி’ என்று போனால் பை நிறையும், பர்ஸ் காலியாகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. நான் தேடுவது ஒன்றே ஒன்று: எங்கள் ஊருக்கு வந்த, அல்லது எங்கள் ஊரிலிருந்து போன கார்டு. மலைக்கோட்டைப் படம் போட்ட கார்டு என்றால் பத்துப் பேர் கை நீட்டுவார்கள், விலையும் ஏறும். திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர், லால்குடி, முசிறி என்று முத்திரை குத்திய கார்டை யாரும் சீந்த மாட்டார்கள். மலிவு அங்கேதான் இருக்கிறது. உங்கள் அம்மா ஊர், புகுந்த ஊர், தாத்தா வேலை பார்த்த ஊர் என்று மூன்று பெயரை எழுதிக்கொண்டு போனாலே போதும்.

2. கைப்பையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், கள்ளநோட்டு பார்க்க உதவும் ஊதா வெளிச்ச டார்ச், சிறு நோட்டு, பென்சில், கார்டு மடங்காமல் இருக்க இரண்டு கெட்டி அட்டை. ஐநூறு ரூபாய்த் தாளாக எடுத்துப் போகாதீர்கள். பத்தும் இருபதும் ஐம்பதுமாக இருந்தால்தான் பேரம் படியும்.

3. அபூர்வமானது வேண்டும் என்றால் முதல் நாள் காலை, மலிவு வேண்டும் என்றால் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர் அதே பெட்டியைத் திரும்பச் சுமக்க விரும்ப மாட்டார். சந்தை கலையும் நேரத்துக் கத்தரிக்காய்க் கணக்குதான்.

4. கார்டுகளைப் பெட்டியிலிருந்து அள்ளி எடுத்து மேஜையில் கொட்டக் கூடாது. வெற்றிலை அடுக்கைப் புரட்டுகிற மாதிரி, மேல் விளிம்பை மட்டும் விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு, விபூதி, மஞ்சள் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு கார்டை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவர் என்று கடைக்காரர் கண்டுகொண்டால், மேஜைக்கு அடியிலிருந்து அடுத்த பெட்டியும் தானாக மேலே வரும்.

5. படத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். விலை ஒட்டுகிறவர் பெரும்பாலும் படத்துக்குத்தான் விலை போடுகிறார். பின்னால் முகவரி, முத்திரை, தேதி, கையெழுத்து என்று நான்கு சங்கதி இருக்கின்றன. பழைய கார்டு பலவற்றில் போட்ட ஊர் முத்திரை ஒன்று, போய்ச் சேர்ந்த ஊர் முத்திரை ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டு தேதியையும் கழித்தால் அந்தக் கார்டு எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரிந்துவிடும்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. ஐந்து நயா பைசா கார்டு, 1961. ஸ்ரீரங்கத்தில் போட்டது. மேலே ‘உ’, அடுத்த வரியில் ‘க்ஷேமம்’. அதற்குக் கீழே, மாடு கன்று போட்டுவிட்டது, சீம்பால் அனுப்ப ஆள் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வந்தால் தேவலை என்று நீல மையில் நாலு வரி. இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் திரும்பி மேலே ஏறுகிறது. போய்ச் சேர்ந்த முத்திரை பாதி அழிந்து, ஊர்ப் பெயரின் வால் மட்டும் தெரிகிறது. ஆனால் முகவரியில் திருவெள்ளறை என்று பளிச்சென்று இருக்கிறது. விலை பத்து ரூபாய். சீம்பால் வந்து சேர்ந்ததா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

6. நடுவில் ஓட்டை விழுந்த கார்டை ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் தூணிலோ ஜன்னலிலோ வளைந்த கம்பி ஒன்று தொங்கும், அடியில் ஒரு மரவட்டு இருக்கும். வந்த கடிதத்தையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். அரிசி மண்டி, ஜவுளிக்கடைகளிலும் இதே வழக்கம். அதனால் நம் பக்கத்துக் கார்டுகளில் பாதிக்கு வயிற்றில் ஓட்டை இருக்கும். ஆல்பத்துக்குச் சேர்க்கிறவர்கள் ஓட்டை கண்டால் முகம் சுளிப்பார்கள், கடைக்காரரும் மலிவுப் பெட்டியில் தள்ளிவிடுவார். ஒருமுறை ஒரு ஸ்டால்காரர், “அதெல்லாம் ஓட்டை விழுந்ததும்மா, நல்லது இந்தப் பக்கம் இருக்கு” என்றார். “ஓட்டை விழுந்ததைத்தாங்க தேடுறேன்” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்பது கார்டு கொண்ட கட்டை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். ஒரே குடும்பத்துக் கம்பியிலிருந்து இறங்கிய கட்டு அது. ஓட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் அப்படிக் கண்டுபிடித்தேன். தேதி வாரியாக அடுக்கியபோது ஒரு வீட்டின் ஆறு வருஷம் கோர்வையாக வந்தது.

7. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் அழுக்கு என்று அழிப்பான் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். நல்ல செய்தி சொன்ன கடிதம் அது. துக்கச் செய்தி வந்த கார்டை வீட்டுக்குள் வைக்காமல் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம். ஆகவே அது பெட்டியில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் கடைக்காரருக்கு அதன் அருமை பெரும்பாலும் தெரிந்திருக்காது. வீட்டில் பெரியவர்கள் ஆட்சேபித்தால் தனிக் கவரில் போட்டு ஆபீஸ் அறையில் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

8. ஒரு கார்டின் வயதை நின்ற இடத்திலேயே கணிக்கச் சில அடையாளங்கள்:

இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879 ஜூலை 1. அன்று விலை காலணா. அந்தக் கார்டுகளில் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டும், மறுபக்கம் சேதிக்கு.

‘நயா பைசா’ என்று அச்சிட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 நடுவுக்கும் இடைப்பட்டது. அதற்கு முன் அணா, பின்னால் வெறும் பைசா. (கையிருப்புத் தீரும்வரை பழையதையும் பயன்படுத்தியிருப்பார்கள், அதனால் முத்திரைத் தேதியோடு ஒத்துப் பாருங்கள்.)

முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான். அன்றுதான் பின்கோடு முறை தொடங்கியது. 620, 621 என்று தொடங்கினால் நம் திருச்சி வட்டாரம்.

‘டிரிச்சினாபொலி’ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் இருந்தால் பழசு என்று பொதுவாக ஒரு கண் வைக்கலாம். ஆனால் கையால் எழுதிய முகவரியை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரியவர்கள் எழுபதுகள் வரைக்கும் பழக்க தோஷத்தில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

படக் கார்டில், பின்பக்கம் முழுக்க முகவரிக்கே விட்டு, படத்தின் ஓரத்தில் சேதியை இடுக்கி இடுக்கி எழுதியிருந்தால் அது மிகப் பழசு. பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1902இல் வந்து, பிறகுதான் மற்ற இடங்களுக்குப் பரவியது.

9. ஸ்ரீரங்கம் படம் போட்ட கார்டு என்றால் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. தெற்கு ராஜகோபுரத்தைப் பாருங்கள். பதின்மூன்று நிலையோடு முழுசாக நின்றால் அந்தப் படம் எண்பதுகளுக்கு முன் எடுத்ததாக இருக்கவே முடியாது. கோபுரப் பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச்சில். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் அடிப்பகுதி மட்டும் மொட்டையாக நின்றது. கடைக்காரர் சிலர் மொட்டைக் கோபுரப் படத்தைக் காட்டி, “வெள்ளைக்காரன் காலத்துது” என்பார்கள். இருக்கலாம். என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்ததாகவும் இருக்கலாம். மொட்டைக் கோபுரம் ‘1987க்கு முன்’ என்று மட்டும்தான் சொல்லும், 1900 என்று சொல்லாது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்பக்கத்து முத்திரையில் சாட்சி கேளுங்கள்.

10. மறுபதிப்பில் ஏமாறாமல் இருக்க லென்ஸைப் பயன்படுத்துங்கள். வானமோ சுவரோ இருக்கிற வெளிர் பகுதியில் லென்ஸை வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு சிறு பூ மாதிரிக் கூடி நின்றால் இக்கால ஆஃப்செட் அச்சு. உண்மையான புகைப்படக் கார்டில் புள்ளியே இருக்காது, கறுப்பு மெல்லக் கரைந்து சாம்பலாகும். நாள்பட்ட புகைப்படத்தின் இருண்ட ஓரங்களைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு போல ஒரு மினுக்கல் தெரியும். அது கெட்டுப்போனதன் அறிகுறி என்று நினைத்து ஒதுக்காதீர்கள், வயதின் அறிகுறி.

அடுத்து ஊதா டார்ச். 1950களுக்கு முந்தைய காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பதில்லை. ஊதா வெளிச்சத்தில் அது மங்கலாகவே இருக்கும். இன்றைய காகிதம் சோப்புத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி மாதிரி நீலமாகப் பளிச்சிடும். இரண்டு வினாடி வேலை.

இதெல்லாம் தெரியாத காலத்தில், ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட பழைய மலைக்கோட்டைப் படக் கார்டு என்று நம்பி, ஒரு ஸ்டாலில் நானூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். தேநீர்ச் சாயத்தில் தோய்த்து ஓரத்தைக் கசக்கி வைத்த கலர் ஜெராக்ஸ் அது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்க வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அதைவிட நல்ல கார்டு கிடையாது.

11. கார்டில் ஒட்டியிருக்கும் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். தனித் தலையைவிட, கார்டோடு சேர்ந்து முத்திரையோடு இருப்பதற்குத்தான் மதிப்பு. கிழிந்த கவர்த் துண்டில் இருப்பதை மட்டும் பிரிக்கலாம். அறைச் சூட்டுத் தண்ணீரில் தலைகீழாக மிதக்கவிட்டு, தானாகக் கழன்றபின் வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு கனமான புத்தகத்துக்கு நடுவே வையுங்கள். அஞ்சறைப்பெட்டிக் கரண்டியால் நெம்ப வேண்டாம்.

12. புதுத் தபால்தலை வெளியான நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய கவரை, முதல் நாள் உறை என்று அழகழகாகக் கட்டி வைத்திருப்பார்கள். எழுபது, எண்பதுகளில் வந்தவற்றில் பெரும்பாலானவை தாராளமாகக் கிடைக்கின்றன. பிடித்த படம் என்றால் இருபது ரூபாய்க்கு வாங்குங்கள். ‘முதலீடு’ என்ற சொல் கடைக்காரர் வாயில் வந்தால் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடுங்கள். 1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி தபால்தலை நான்கில் பத்து ரூபாய்த் தலைதான் எல்லோரும் கேட்பது. அதைப் பத்து ரூபாய்ப் பெட்டியில் யாரும் தவறிப் போட்டுவிட மாட்டார்கள். அப்படி ஒன்று கிடந்தால் சந்தோஷப்படும் முன் லென்ஸை எடுங்கள்.

13. இப்போது விளையாட்டுக் கார்டு. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பரணில் ஒரு டப்பா நிச்சயம் இருக்கும். மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு, பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டு. உயரம், எடை, மார்பளவு என்று கத்திக்கொண்டே மதிய இடைவேளையில் ஆடியது. பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு நிமிஷம் பாருங்கள். ட்ரம்ப் கார்டுக்குத் தனிச் சீட்டாக விலை இல்லை. ஒன்று குறையாத முழுக் கட்டு, அதுவும் அந்தப் பழைய டப்பாவோடு இருந்தால்தான் கேட்பார்கள். அந்தக் காலத்தில் ஆடி ஆடி முனை மழுங்காத கட்டு இருக்கிறதென்றால், அந்தப் பிள்ளை மிகவும் நல்ல பிள்ளை, அல்லது அதோடு விளையாட யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்கக் கூடைப்பந்துக் கார்டும் எப்போதாவது இந்தப் பெட்டிகளில் தலைகாட்டும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள் விட்டுப்போனது. போன தடவை ஒரு ஷூ பெட்டி நிறையப் பார்த்தேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்தவற்றை அங்கே தேவைக்கு மேல் மூட்டை மூட்டையாக அச்சடித்துத் தள்ளிவிட்டார்கள். முப்பது வருஷம் ஆகியும் பெரும்பாலானவற்றுக்கு விலை ஏறவில்லை. பத்து ரூபாய்ப் பெட்டியில் கிடந்தால் அதன் சரியான விலையே அதுதான். இரண்டாவது, மைக்கேல் ஜோர்டான் கார்டு. 1986இல் ஃப்ளீர் கம்பெனி வெளியிட்ட 132 கார்டுகளில் 57ஆம் எண். உலகம் முழுக்கத் தேடப்படுவது, அதனாலேயே உலகம் முழுக்கப் போலி அடிக்கப்படுவது. அமெரிக்காவில் இதற்கென்றே சோதித்து, மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூடித் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி மூடாமல் கல்யாண மண்டபத்து மேஜையில் கிடக்கும் ஜோர்டானை, படம் நன்றாக இருக்கிறதே என்று வாங்கலாம். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

14. பக்கத்திலேயே தீப்பெட்டிப் படமும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் கிடக்கும். பாட்டுப் புத்தகத்தில் பின்னட்டையும் நடுத்தாளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நடுத்தாளைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் கம்பி துரு ஏறி, தாள் கழன்று போயிருப்பது சகஜம்.

15. பேரம். ஒற்றைக் கார்டுக்குப் பேரம் பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு. பத்துப் பதினைந்து சேர்த்து எடுத்துக்கொண்டு, “எல்லாத்துக்கும் சேர்த்து என்ன போட்டுத் தருவீங்க?” என்று கேளுங்கள். அவரே ஒரு தொகை சொல்லட்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கேட்டால் பாதி வழியில் நிற்பார். நான்கு முறை கேட்டு வாங்கியபின் மறுபடி குறைக்கச் சொல்லக் கூடாது. அடுத்த கண்காட்சிக்கும் அவரே வருவார், உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். ஒரு பெரியவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும், “வாங்கம்மா, உங்க ஊர்ப் பக்கத்துக் கார்டு ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்” என்கிறார். ஐந்து ரூபாய் குறைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

16. தேடியது கிடைத்தவுடன் முகத்தில் காட்டிவிடாதீர்கள். கார்டை நடுவே செருகி, இன்னும் நாலைந்து சாதாரணக் கார்டோடு சேர்த்து நீட்டுங்கள். எங்கள் ஊரில் பல்லவன் தந்திவர்மன் காலத்து ஸ்வஸ்திகக் கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படி, ஒவ்வொரு படியும் ஒரு வளைவு. ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. கண்காட்சியில் அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்தால் அடுத்த தடவை அந்தப் பெட்டி உங்களுக்கு முன்னால் கிளறப்பட்டிருக்கும்.

17. ‘உங்கள் பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஐந்து லட்சம்’, ‘786 எண் நோட்டு இருக்கிறதா?’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று உங்களிடமிருந்துதான் பணம் போகும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாக நடக்கும் இந்த மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அப்படிக் கட்டணமோ கமிஷனோ அது கேட்பதில்லை.

18. ஓலைச்சுவடி, செப்பேடு, சிலைத் துண்டு என்று யாராவது மேஜைக்கு அடியில் காட்டினால் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பழம்பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடி, ஆவணமும் அதன் கீழ் வருகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தோட்டத்தில் பள்ளம் தோண்டும்போது காசு கிடைத்தால் கண்காட்சிக்கு எடுத்துப் போகாதீர்கள், கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் சொல்லுங்கள்.

19. வாங்கி வந்ததை நேராகப் பழைய சேகரிப்போடு சேர்த்துவிடக் கூடாது. ராமபாணப் பூச்சி ஒரு கார்டில் ஒளிந்து வந்தால் போதும், ஆல்பம் முழுக்கச் சல்லடை. முதல் வேலை, வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொரு கார்டையும் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். சந்தேகம் இருந்தால், நன்றாகக் காய்ந்த கார்டுகளைக் காற்றுப் புகாத ஜிப் கவர் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த கார்டில் வியர்வை கோத்து மை பரவும். ஃப்ரீசரில் வைக்குமுன் கவர்மேல் ‘இது கார்டு’ என்று எழுதி ஒட்டுவது நல்லது. என் மாமியார் ஒருநாள் அதை உறைந்த சப்பாத்தி என்று எடுத்துவிட்டார்.

20. கவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற வழவழப்பான பிளாஸ்டிக் கவர் பி.வி.சி. திருச்சி வெயிலில் அது வியர்த்து, கார்டில் ஒட்டிக்கொள்ளும். சட்டை சுற்றி வருகிற, கசக்கினால் மொறமொறவென்று சத்தம் போடுகிற பி.பி. கவர் பாதகமில்லை. தபால்தலைக்காரர்களிடம் கிடைக்கும் கிளாசின் தாள் உறை இன்னும் நல்லது. நான் முதல் இரண்டு வருஷம் பி.வி.சி. ஆல்பத்தில் போட்டு, கூடவே அந்துருண்டையும் வைத்து, பீரோவின் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். ஒரு சித்திரை மாதம் திறந்தபோது ஏழு கார்டுகளின் எழுத்து பிளாஸ்டிக்கிலேயே தலைகீழாகப் பதிந்திருந்தது. அந்துருண்டை நெடி இன்றைக்கும் போகவில்லை.

21. ரப்பர் பேண்ட், செல்லோடேப், ஸ்டேப்ளர், குண்டூசி: நான்கும் கார்டுக்கு எமன். நியூஸ் பேப்பரில் சுற்றுவதும் கூடாது, அதன் பழுப்பு கார்டுக்கு ஏறும். லேமினேஷன் செய்துவிட்டால் அதோடு அந்தக் கார்டின் கதை முடிந்தது, பிரித்தெடுக்க வழி இல்லை.

22. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பூச்சியை அண்டவிடாது என்பது பாட்டி வைத்தியம். அலமாரி மூலையில் துணியில் முடிந்து வையுங்கள், கார்டுக்கு மேலேயே போட்டால் எண்ணெய்க் கறை விழும். மாத்திரை டப்பா, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தைச் சேர்த்து வைத்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் பெட்டிக்கு இரண்டாகப் போடுங்கள். பரண், சமையலறைச் சுவர், குளியலறையை ஒட்டிய அலமாரி மூன்றும் ஆகாது. உள் அறையில், இடுப்பு உயரத் தட்டில் நிமிர்த்தி வைத்தால் கார்டு வளையாது.

23. கார்டோடு ஒன்றிரண்டு பழைய காசும் வாங்கியிருந்தால், புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிடாதீர்கள். குத்துவிளக்கு வேறு, காசு வேறு. மேலே படிந்த நிறம் போனால் பாதி விலை போச்சு.

24. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதைக் கார்டில் எழுதாமல், உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். கடைக்காரர் ஏற்கெனவே கார்டின் பின்னால் பென்சிலில் விலை போட்டிருந்தால், மெல்லிய அழிப்பானால் ஒரே திசையில் இழுத்து எடுக்கலாம். பேனாவில் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். விலையை எழுதி வைப்பதில் வீட்டு நிர்வாகச் சிக்கல் ஒன்றும் உண்டு. எங்கள் பெருமாள் கோயிலில் நாழிகேட்டான் வாசல் இருக்கிறது. வெளியே போய்விட்டு நேரம் கழித்து வந்த பெருமாளைத் தாயார் வழிமறித்து, இத்தனை நாழி எங்கே போயிருந்தீர் என்று கேட்ட இடம். எங்கள் வீட்டில் கேட்பவர் மாறிவிட்டார், அவ்வளவுதான். கடைசி துறையூர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது திண்ணையில் கேள்வி காத்திருக்கும். அதனால் நான் கட்டுக்கு மொத்த விலை மட்டும் எழுதுகிறேன்.

25. இன்றைய காகிதத்தையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது. ரிஜிஸ்டர் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. தந்தி வந்த தாளும் சிவப்பு எழுத்துப் பதிவுச் சீட்டு ஒட்டிய உறையும் உங்கள் பீரோவிலேயே இருக்கலாம், தேடிப் பாருங்கள். தபால் கார்டு ஐம்பது காசுக்குத்தான் விற்கிறது. ஆளுக்கு ஒன்று வாங்கி, அன்றைய தக்காளி விலை, பஸ் டிக்கெட், யாருக்குக் காய்ச்சல், எந்த மாடு கன்று போட்டது என்று நாலு வரி எழுதி உங்கள் முகவரிக்கே போடுங்கள். போடும்போது பெட்டியில் போடாமல் உள்ளே போய், “முத்திரையைக் கொஞ்சம் தெளிவாக் குத்திக் குடுங்க தம்பி” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மை காயும்வரை கையை எடுக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கார்டு மேலே விழுந்து ஊர்ப் பெயரின் முன்பாதி இழுபட்டுவிடும்.